காலி மனையில் போட்ட போர்

ஓசூரில் காலி மனை என்றால் இடுப்பு உயரத்துக்குப் புல், நடுநடுவே பார்த்தீனியம், சாயம் போன ஒரு பலகையில் 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்து, இவ்வளவும் இருக்கும். கார்த்திகை தாண்டிப் புல் பழுத்ததும் யாராவது தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார்கள், சாம்பல் நம் வீட்டுக் கொடித் துணியில் வந்து உட்காரும், வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை நடக்கும், அப்புறம் அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் பேசமாட்டார்கள். எங்கள் லேஅவுட்டில் இந்த முறை அந்தப் புல்லை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டோம். கையால் அறுத்து, கையால் அடுக்கி, மழைக்குத் தாங்கும்படி ஒழுங்கான போர். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளும்.

இதற்குப் பின்னால் ஒரு கோபம் உண்டு. போன பொங்கலுக்கு ஒரு வணிக வளாகத்தில் (பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது) கிராமத்துப் பொங்கல் வைத்தார்கள். தெர்மகோல் மாடு, ஃபிளெக்ஸில் அச்சடித்த குடிசை, எங்கிருந்தோ கழற்றி வந்த ஒரு வண்டிச் சக்கரம், பக்கத்தில் வைக்கோல் போர். போர் என்று அவர்கள் சொன்னது, இயந்திரம் சுருட்டிக் கட்டின உருளைகளை நாலு அடுக்கு அடுக்கி மேலே கொஞ்சம் உதறிவிட்டது. ஜனம் வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தது, நானும் எடுத்தேன். எங்கள் லேஅவுட் வாட்ச்மேன் அண்ணன் அந்த வாரம் அங்கே கூடுதல் டியூட்டி பார்த்தார். பென்னாகரம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் காடு கழனியை அண்ணன் தம்பியிடம் விட்டுவிட்டு யூனிஃபார்ம் மாட்டியவர். அவர் அந்தப் போரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து சொன்னார்: "ஒரு தூத்தல் விழுந்தா போதுங்க சார், உள்ள இருக்கறது பூரா அழுகிப்போயிடும்." வளாகத்துக்குள் எங்கே தூறல் விழப்போகிறது, ஆனாலும் அவரால் பார்க்க முடியவில்லை. காணும் பொங்கல் முடிந்த மறுநாள் அவ்வளவு வைக்கோலும் தெர்மகோலோடு சேர்ந்து குப்பை வண்டியில் ஏறியது. ஒரு மாட்டு வாய்க்குக்கூடப் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். இந்த ஊரில் கம்பெனி கம்பெனியாக வேலை பார்க்கிற ஆட்களில் பாதிப் பேர் பாலக்கோடு, பென்னாகரம், அஞ்செட்டி, வேப்பனப்பள்ளி என்று எங்கிருந்தோ வந்தவர்கள். ஓசூர் 2019ல் மாநகராட்சியே ஆகிவிட்டது, ஆனால் இதில் குடியிருப்பவர்களின் கையும் காலும் இன்னும் களத்து வேலையை மறக்கவில்லை. அந்த வித்தையை யாரும் அவர்களிடம் கேட்பதில்லை, கேட்டால் பொங்கலன்று வேட்டி கட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

போர் அழகான பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மார்கழியில் தளி ரோட்டிலோ தேன்கனிக்கோட்டை ரோட்டிலோ காலையில் போய்ப் பாருங்கள், மூடுபனி விலக விலக ராகிப் போர் ஒவ்வொன்றாகத் தெரியும். நெல் வைக்கோல் போருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, நெல் பகுதிக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. நெல்லில் கதிரடித்த பிறகு மிஞ்சின வைக்கோலைத்தான் போர் போடுவார்கள். இங்கே அறுத்த ராகியை உடனே அடிக்கமாட்டார்கள். கதிர் உள்பக்கம், தாள் வெளிப்பக்கம் என்று அடுக்கி முழுசாகப் போர் போட்டு மூடிவிட்டு, பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் பிரித்துக் களத்தில் பரப்பிக் கல் உருளை ஓட்டுவார்கள். இப்போது களம் என்றால் தார் ரோடுதான், ராகியையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அடித்துக் கொடுத்துவிடும், பைக்கில் வருகிறவன் பாடுதான் திண்டாட்டம். ஆக, அந்தப் போருக்குள் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு உட்கார்ந்திருக்கிறது. போட்டவர் கை சரியில்லை என்றால் மாட்டுக்கும் இல்லை, மனுஷனுக்கும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிரான்ஸில் ஜிவெர்னி என்ற ஊரில் குளோத் மோனே என்ற ஓவியர் 1890, 91ல் தன் வீட்டுப் பக்கத்து வயலில் நின்ற போர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். காலை வெயிலில் ஒன்று, அந்தியில் ஒன்று, பனி மூடினபோது ஒன்று. அதில் ஒரு படம் 2019ல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. நான் அந்தப் படத்தை போனில் எடுத்து, எங்கள் லேஅவுட்டை ஒட்டின பழைய ஊரில் மாடு வைத்திருக்கும் அவ்வாவிடம் (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) காட்டினேன். விலையைச் சொல்லவில்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள கதிரு இருக்குதா?" என்று கேட்டார். எப்படி அவ்வா தெரியும் என்றேன். "வெறும் புல்லுக்கு இவ்ளோ நெருக்கமா யாரு கூரை போடுவாங்க?" உண்மையிலேயே அது கதிரோடு அடுக்கின கோதுமைப் போர். அந்தக் காலத்தில் கதிரடிக்கிற இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வரும், அது வருகிற வரைக்கும், சில சமயம் மாசிப் பங்குனி வரைக்கும்கூட, தானியத்தைக் காப்பாற்ற மேலே கூரை வேய்ந்து வைப்பார்கள். உலகம் முழுக்க அதை வைக்கோல் போர் என்று சொல்லிக்கொண்டிருக்க, ஆறு அங்குல போன் திரையில் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறார், போன் பண்ணினால் எடுப்பதே அபூர்வம். புல்லை நாங்களே அறுத்துக்கொள்கிறோம் என்றதும் உடனே சரி என்றுவிட்டார், வருஷா வருஷம் புகார் கேட்டு அவருக்கும் அலுத்துப்போயிருக்கும். வாட்ஸ்அப் குழுவில்தான் எதிர்ப்பு. பாம்பு வரும், தீப்பிடிக்கும், கொசு வரும், லேஅவுட் மதிப்பு குறையும். கடைசிக் காரணத்துக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. தீயைப் பற்றிக் கேட்டது மட்டும் நியாயமான கேள்வி, அதனால் வீடுகளிலிருந்தும் மின்கம்பத்திலிருந்தும் தள்ளி, நாலு பக்கமும் தரையைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

முதல் விஷயத்திலேயே வாட்ச்மேன் அண்ணன் எங்களை நிறுத்தினார். பிரஷ் கட்டர் வாடகைக்கு எடுத்தால் அரை நாளில் முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்ல, இவர் வேண்டாம் என்றார். இயந்திரம் புல்லைச் சிதறடித்துத் துண்டு துண்டாக்கிவிடும், துண்டுப் புல்லை எப்படி அடுக்குவது? அரிவாளால் அடியோடு அறுத்தால்தான் நீளம் நிற்கும், நீளம் நின்றால்தான் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். நெல்லிலும் இதே கதைதான், அறுவடை இயந்திரம் துப்புகிற வைக்கோல் நைந்துபோய் வருவதால் அதைப் போராக அடுக்க வருவதில்லை, அதனால்தான் எல்லோரும் சுருட்டிக் கட்டுகிற இயந்திரத்துக்குப் போய்விட்டார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் கே.ஆர்.பி. அணைப் பாசனத்து வயல்களில் இப்போது உருளை உருளையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஆள் கிடைக்காத ஊரில் அதைக் குறை சொல்ல முடியாது.

கருக்கு அரிவாள் எட்டோ பத்தோ சேர்ந்தது. எல்லாம் யார் வீட்டிலோ பரணில் கிடந்தவை, துருவைத் தேய்த்ததும் வேலைக்கு ஆயிற்று. கொழுக்கட்டைப் புல், மயில்கொண்டைப் புல், ஓரங்களில் அருகம்புல். பார்த்தீனியத்தை முதலில் வேரோடு பிடுங்கித் தனியாகப் போட்டோம், கையுறை போட்டுக்கொண்டு, ஏனென்றால் அது சிலருக்குத் தோலில் பட்டாலே அரிப்பு, மாடு தின்றால் அதற்கும் கெடுதல், பாலிலும் கசப்பு ஏறும். அவ்வா வந்து கட்டுக்கட்டாகப் புரட்டிப் பார்த்து, எங்கள் கண்ணுக்குத் தப்பினதையெல்லாம் உருவி எறிந்தார். ஏ ஷிப்ட் முடிந்தவர்கள் சாயந்திரமும் பி ஷிப்ட்காரர்கள் காலையிலும் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும். ஊரில் கைமாத்தாக வேலைக்குப் போவோமே, இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ, அந்தக் கணக்கு இங்கே இல்லை, இங்கே யாருக்கும் காடு இல்லை. இருந்தும் ஆள் வந்தது.

காயவைப்பதுதான் இந்த ஊரில் கஷ்டம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கார்த்திகை மார்கழிப் பனி மழை மாதிரி இறங்கும். காலையில் பனி ஆறின பிறகுதான் அறுக்க வேண்டும், அறுத்ததை மெல்லிசாகப் பரப்ப வேண்டும், மத்தியானம் ஒருமுறை புரட்ட வேண்டும், சாயந்திரம் பனி இறங்குமுன் சின்னச் சின்னக் குவியலாகச் சேர்த்துவிட வேண்டும், மறுநாள் வெயில் ஏறியதும் மறுபடி பிரித்துப் பரப்ப வேண்டும். நான் ஒருநாள் சாயந்திரமே கேட்டேன், "காஞ்சிடுச்சே, அடுக்கிடலாமா?" அவ்வா ஒரு பிடி எடுத்துக் கயிறு மாதிரி முறுக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தார். முறுக்கும்போது மொறுமொறுவென்று நொறுங்குகிற சத்தம் வர வேண்டும், உள்ளங்கையில் ஈரம் தட்டக் கூடாது, கணுவை நகத்தால் கிள்ளினால் பச்சை கசியக் கூடாது. வேளாண் புத்தகத்தில் ஈரப்பதம் 15லிருந்து 20 சதவீதம் என்று போட்டிருக்கும். அவ்வாவிடம் மீட்டர் கிடையாது, காது இருக்கிறது.

போர் போடுகிற அன்றைக்கு வாட்ச்மேன் அண்ணன் யூனிஃபார்மைக் கழற்றி மடித்துச் சுவரில் வைத்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் மிஞ்சின கல்லையும் சென்ட்ரிங் கட்டையையும் பரப்பி அடித்தளம், தரை ஈரமும் கரையானும் ஏறாமல் இருக்க. அதன் மேல் முதல் வரிசை. அவர் மேலே நிற்க, நாங்கள் கவட்டைக் கொம்பால் குத்தித் தூக்கிப் போட்டோம். போடுவதிலும் ஒரு நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது: அவர் ஒரு கட்டை வைத்து மிதித்துத் திரும்புகிற இடத்தில் அடுத்த கட்டு போய் விழ வேண்டும், முந்தினால் காலில் சிக்கும், பிந்தினால் அவர் குனிந்து நின்று காத்திருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் ஒரே குழப்பம், திட்டு வேறு. அப்புறம் யாரும் பேசாமலேயே ஓடியது.

அடுக்குகிற ரகசியம் நடுவில்தான் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், வட்டம் சரியாக வருகிறதா என்று. அவர் ஒரு சுற்று ஓரம் வைத்தால் இரண்டு சுற்று நடுவில் போட்டு மிதித்தார். நடு எப்போதும் மேடாகவே இருக்க வேண்டும். நடு மேடாக இருந்தால் ஒவ்வொரு புல்லும் வெளிப்பக்கம் சரிந்து படுக்கும், மழைத் தண்ணீர் புல்லோடு வழுக்கி வெளியே சொட்டிவிடும். நடு பள்ளமானால் ஒவ்வொரு புல்லும் தண்ணீரை உள்ளே கூட்டிக்கொண்டு போகும். அவ்வளவுதான் சூத்திரம், ஆனால் அதை ஆள் உயரத்துக்கு மேல், காலடியில் எல்லாம் அமுங்கி நெளிகிற மெத்தையில் நின்றுகொண்டு செய்ய வேண்டும். மேலே நிற்பவருக்குத் தான் போடுகிற போரின் உருவம் தெரியாது. அதற்கு அவ்வா கீழே சுற்றி நடந்துகொண்டே இருந்தார். "கிழக்கால வயிறு தள்ளுது பாரு." "இங்க ஒட்டிப்போச்சு, ரெண்டு கை போடு." மேலிருந்து, "சரிம்மா." இருவருக்கும் அதற்கு முன்னால் பேச்சுப் பழக்கம் ஏதும் கிடையாது. அவ்வாவுக்கு வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம், இவருக்குப் பென்னாகரத்துத் தமிழ், அன்றைக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடியது.

உச்சியைக் கூம்பாக முடித்து, பிரி, அதாவது புல்லையே முறுக்கித் திரித்த கயிறு, போட்டு இறுக்கினோம். பிரி முறுக்க இரண்டு ஆள், ஒருவர் உட்கார்ந்து புல்லை ஊட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் குச்சியில் மாட்டித் திருகிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். டூல் ரூமில் வேலை பார்க்கும் ஒரு பையன் திருகுகிற வேலையை எடுத்துக்கொண்டான், மணிக்கட்டுப் பருமனில் ஒரே சீராக வந்தது. பிரியைப் போரின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு முனைகளில் கல் கட்டித் தொங்கவிட்டோம், காற்றுக்குத் தூக்காமல் இருக்க. கடைசியில் சுற்றிலும் துருத்தி நின்ற புல்லை அவ்வாவும் இன்னும் மூன்று பெண்களும் தலைவாரிவிடுகிற மாதிரி மேலிருந்து கீழாகக் கோதி உருவினார்கள். நான் அதை அழகுக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தேன். துருத்தி நிற்கிற ஒவ்வொரு புல்லும் தண்ணீருக்கு ஒரு வாசல், அதை அடைக்கிறார்களாம். அழகு தானாக வந்து சேர்ந்தது.

நாலைந்து நாள் கழித்து வாட்ச்மேன் அண்ணன் ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்து வந்து போருக்குள் செருகிவிட்டுப் போனார். டீ குடித்துவிட்டு வந்து உருவி, முனையைக் கையால் பிடித்துப் பார்த்தார். ஈரம் உள்ளே இருந்தால் புல் புழுங்கிச் சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும், பெரிய போராக இருந்தால் தானாகவே தீப்பற்றுகிற அளவுக்கும் போகும். சாக்கடைப் பக்கம் பார்த்த இடத்தில் கம்பி கதகதவென்று வந்தது. அந்த ஓரத்துப் புல் கொஞ்சம் பச்சையாக இருந்தது அவருக்கு நினைவிருந்தது, அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து ஒருநாள் வெயிலில் போட்டு மறுபடி சொருகினார். வாட்ஸ்அப்பில் தீப்பிடிக்கும் என்று எழுதினவரைக் கூப்பிட்டு, அடுத்த தடவை கம்பியை அவர் கையிலேயே கொடுத்தோம். இப்போது அவர்தான் அடிக்கடி பார்க்கிறார்.

நகரத்துக்குள் விளைச்சலைக் கொண்டுவந்து கலை என்று நிறுத்துவது புதிது இல்லை. 1982ல் ஆக்னஸ் டெனெஸ் என்ற கலைஞர் நியூயார்க்கில், உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்குப் பக்கத்தில், கட்டடம் வருவதற்காக மண் கொட்டி நிரப்பியிருந்த இடத்தில் 2 ஏக்கர் கோதுமை விதைத்தார். ஆகஸ்டில் அறுத்தபோது ஆயிரம் பவுண்டுக்கு மேல் தானியம் வந்தது. படங்களில் அந்தக் கதிர்களுக்குப் பின்னால் கோபுரங்கள் நிற்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்த தகவல் வேறு, அந்தத் தாளெல்லாம் நியூயார்க் போலீஸ் குதிரைகளுக்குத் தீனியாகப் போனது. அந்தப் பொங்கல் வளாகக்காரர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். நிறுத்துங்கள், விளக்குப் போடுங்கள், படம் எடுங்கள், கலை என்று பேர் வையுங்கள், எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால் கடைசியில் ஏதோ ஒரு வாய் அதைத் தின்ன வேண்டும். தின்பதற்கு ஒரு வாய் இருந்தால்தான் காயவைக்கிறவருக்குக் காது கூர்மையாகும், அடுக்குகிறவருக்கு நடு மேடாக வரும். தின்னாத போருக்கு எதற்கு நடு மேடு?

குதிரை என்றதும் ஓசூரை ஒட்டின மத்திகிரி ஞாபகம் வருகிறது. 1824ல் தொடங்கின கால்நடைப் பண்ணை, 1600 ஏக்கருக்கு மேல், வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுவருக்கு அந்தப்புறம் தெரிகிற புல்வெளியை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன், அத்தனை குதிரைக்கும் புல் அறுத்து அடுக்கின கைகள் எந்த ஊர்க் கைகளோ.

எங்கள் போரைத் தின்பது அவ்வாவின் இரண்டு மாடுகள். லேஅவுட் வருவதற்கு முன்னால் இதே நிலத்தில்தான் அவர்கள் ராகி போட்டிருந்தார்களாம், அறுவடைக்குப் பிறகு மாடு இங்கேதான் மேயுமாம், அதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னார். காலையில் வந்து காற்றுக்கு மறைவான பக்கத்தில் மட்டும் ஒரே இடத்திலிருந்து பிடுங்குகிறார், உச்சியைத் தொடுவதே இல்லை, அதனால் குகை மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, கூரை அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் மேலே ஏறிக் குதிக்கப் பார்த்தபோது மட்டும் கன்னடத்தில் திட்டு விழுந்தது. இடையில் ஒரு ராத்திரி நல்ல மழை, காலையில் போய் ஒரு கை உள்ளே விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் காய்ந்த வாசனை.

ஒரு விவகாரம் மட்டும் தீரவில்லை. பக்கத்துக் கட்டட வேலையில் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒருவர், பெரும்பாலும் மேஸ்திரிக்குக் கையாளாக இருப்பவர், போர் போடுகிற அன்று சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்று பார்த்தார். தமிழும் இந்தியுமாகக் கேட்டார்: நடுவில் மூங்கில் எங்கே? அவர்கள் ஊரில் முதலில் ஒரு மூங்கிலை நட்டு அதைச் சுற்றித்தான் வட்டமாக அடுக்குவார்களாம், போர் சாயவே சாயாதாம், உச்சியையும் மூங்கிலோடு சேர்த்துக் கட்டிவிடலாமாம். மணலில் விரலால் படம் போட்டுக் காட்டினார், வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்து பார்த்தார், இரண்டு பேரும் குச்சியும் புல்லும் வைத்து முழ உயரத்துக்கு ஒரு மாதிரிப் போரே போட்டுப் பார்த்தார்கள். மூங்கில் வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்காதா என்பது அண்ணனின் சந்தேகம், அதற்குத்தான் உச்சியில் இறுக்கிக் கட்டுகிறோம் என்பது அவர் பதில். அடுத்த கார்த்திகையில் பக்கத்து மனைப் புல்லையும் சேர்த்து இரண்டு போராகப் போடலாம், ஒன்று மூங்கிலோடு, ஒன்று இல்லாமல், எது மழைக்கு நிற்கிறதென்று பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அவ்வாவிடம் சொன்னோம். எது வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளுங்கள், பார்த்தீனியத்தை மட்டும் ஒழுங்காகப் பிடுங்குங்கள் என்றார்.